அர்லீத்தா கெயின்ஸ் சாகவில்லை

என் தோழி அர்லீத்தா கெயின்ஸ் இறந்துபோனதை அவளிடமே முதலில் சொன்னது வங்கியின் கடன் பிரிவில் இருந்த ஓர் இளம்பெண். பாவம், அதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கணினித் திரையைப் பார்த்தாள், எதிரே உட்கார்ந்திருந்த அர்லீத்தாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"மேடம், இதுல ஒரு சின்னச் சிக்கல். நீங்க... காலமாயிட்டீங்கன்னு வருது."

"யாரு, நானா?"

"ஆமாங்க மேடம்."

"எப்போ?"

அந்தப் பெண் நிஜமாகவே தேதியைத் தேடி எடுத்துச் சொன்னாளாம். அன்று சாயங்காலம் இதை என்னிடம் சொல்லும்போது அர்லீத்தா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எங்கள் ஊர் டொலீடோவில், பனி உறைந்த பிப்ரவரி மாதம், சிரிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? அது எங்களை அழவைக்கப் போகிற விஷயம் என்று அப்போது தெரியாது.

அவளும் நானும் கார் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்தவர்கள். நான் டாட்டி குயாவா. லக்ராஞ்சு தெருப் பக்கத்துப் போலந்துக் குடும்பம். அவள் டோர் தெருப் பக்கம், கறுப்பர்களின் பகுதி. எங்கள் ஊரில் அந்த இரண்டு தெருக்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பேருந்தில் கடந்துவிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் யாரும் கடப்பதில்லை. எங்களைச் சேர்த்துவைத்தது தொழிற்சாலையும், இரண்டு பக்கத்து வீடுகளிலும் வெள்ளிக்கிழமைதோறும் பொரிக்கும் மீனும்தான். மீனில் நான் தடவும் ரொட்டித்தூளை அவள் ஏளனம் செய்வாள். நான் அவளுடைய சோளமாவை ஏளனம் செய்வேன். பிறகு இரண்டு பேரும் மற்றவள் தட்டிலிருந்து எடுத்துத் தின்போம்.

அவள் எங்கள் யூனியன் பிரதிநிதி. உயரமானவள், அகலமானவள், குரலை உயர்த்தவே மாட்டாள். எந்திரம் பழுதாகி ஒரு அடுக்குக் கண்ணாடி முழுக்க நொறுங்கிய நாளில், தவறு என்னுடையது என்று சொல்லி மேலாளர் என்னை அறைக்கு வரச்சொன்னார். நான் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தேன். அர்லீத்தா குறுக்கே வந்து நின்றாள். "எங்க போற?" என்றாள். சொன்னேன். "தனியாவா? தனியா அந்த ரூமுக்குள்ள யாரும் போகக்கூடாதுடீ. நான் வர்றேன். நான் பேசச் சொல்றப்போ பேசு, இல்லேன்னா வாயைத் திறக்காத." உள்ளே போனோம். வேலையோடு வெளியே வந்தேன். அந்தத் தொழிற்சாலையில் இப்படி ஒரு கதை சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதனால்தான் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

ஓய்வு பெற்றதும் மீன் கடை போட வேண்டும் என்பது அவளும் அவள் கணவர் கிளெமென்ட்டும் சேர்ந்து வைத்திருந்த ஆசை. கிளெமென்ட் நகராட்சிக் குடிநீர் பிரிவில் வேலை பார்த்தவர். வசந்தம் வந்து மௌமி ஆற்றில் மீன் ஏற ஆரம்பித்தால் இடுப்பளவு தண்ணீரில் தூண்டிலோடு நின்றுகொண்டே இருப்பார். அவள் ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கும்போது, ஒரு மத்தியான நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம்.

அர்லீத்தா நின்று செய்ய வேண்டிய காரியங்களையெல்லாம் நின்று செய்தாள். அடக்கத்துக்குப் பின், அவர்கள் இருவர் பெயரிலும் இருந்த கடன் அட்டையிலிருந்து கிளெமென்ட்டின் பெயரை எடுக்கச் சொல்லி வங்கிக்குத் தொலைபேசி செய்தாள். எங்கோ உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் இரண்டு பெயருக்கும் எதிரே 'இறந்தவர்' என்று குறித்துவிட்டார். வங்கி அதைக் கடன் அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பிற்று. எங்கள் நாட்டில் யாரும் கடன் தரும் முன்னும், வீடு வாடகைக்கு விடும் முன்னும், அந்த அறிக்கையைத்தான் புரட்டுவார்கள். ஒரு தவணைகூடத் தவறாத பெண்ணை அந்த அறிக்கை பிணமாக்கிவிட்டது.

அவள் மீன் கடைக்குப் பார்த்து வைத்திருந்தது, அதை வாங்கவே கடன் கேட்டது, ஸாபோ என்ற கிழவரின் செருப்புத் தைக்கும் கடை. தெருமுனையில், பெரிய சன்னலோடு, இரண்டு பக்கமும் வெளிச்சம் விழும் இடம். கிழவர் கடையை மூடிவிட்டு மகளிடம் போய் இருக்கப் போகிறார். "உனக்காகக் காத்திருக்கேன் அர்லீத்தா. ஆனா ரொம்ப நாள் முடியாது," என்றார்.

அவள் உடனே கடன் அட்டை தந்த வங்கிக்குத் தொலைபேசியில் பேசினாள். அந்தப் பேச்சுகளில் சிலவற்றை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"அர்லீத்தா கெயின்ஸ் அவர்களோட மறைவுக்கு எங்க ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றது ஒரு குரல். "நீங்க இறந்தவங்களுக்கு என்ன உறவு?"

"ரொம்ப நெருங்கின உறவு," என்றாள் அர்லீத்தா, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டி. "அவ சாப்பிட்டா எனக்குப் பசி அடங்கிடும்."

"சாரி மேடம், புரியல."

"நான்தான்பா அர்லீத்தா கெயின்ஸ். செத்தது என் வீட்டுக்காரர். கிளெமென்ட். நான் உயிரோட இருக்கேன்."

"ஒரு நிமிஷம் மேடம். இறந்தவங்க கணக்குப் பிரிவுக்கு மாத்தறேன்."

அங்கே போனால் மறுபடி அனுதாபம், மறுபடி அதே கேள்வி. ஆரம்பத்தில் கண் சிமிட்டினாள். பிறகு கண் சிமிட்டுவது நின்றுபோயிற்று. பேசும்போது எழுந்து போய்ச் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். வங்கிக்குக் கடிதமும் எழுதினாள், ஓட்டுநர் உரிமத்தின் நகலோடு. பதில் வரவில்லை.

கொலம்பஸில் இருக்கும் அவள் மகன் ஆல்டன் ஒரு யோசனை சொன்னான். கடன் அறிக்கையைச் 'சுத்தம்' செய்து தரும் கடை ஒன்று சலவைக் கடைக்குப் பக்கத்தில் திறந்திருக்கிறதாம். அவனுடைய நண்பன் போனானாம். மகன் சொல்லைத் தட்ட வேண்டாமே என்று அவளும் போனாள். பளபளக்கும் காலணி போட்ட ஆள் ஒருவர், முதலிலேயே பணத்தைக் கட்டிவிட வேண்டும் என்றார். அறிக்கையில் கெட்டதாக என்ன இருந்தாலும் எடுத்துவிடுவாராம்.

"என் அறிக்கையில கெட்டதுன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு தம்பி. நான் செத்துட்டேன். அதை எப்படி எடுப்பீங்க?"

"நாங்க லெட்டர் போடுவோம் மேடம். போட்டுக்கிட்டே இருப்போம்."

"லெட்டர் எழுத எனக்குக் கை இருக்கே," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

வக்கீல் என்ற பேச்சை எடுத்தது நான்தான். என் மைத்துனன் மகளுக்கு இதே மாதிரி ஒரு குழப்பம், வேறொருத்தியின் கடனெல்லாம் இவள் அறிக்கையில் ஏறியிருந்தது. ரீமா சாபா என்ற வக்கீல் அதைத் தீர்த்துவைத்திருந்தாள். சொன்னதும் அர்லீத்தா கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வக்கீலா? நான் என்ன தப்பு பண்ணினேன், வக்கீல் வைக்க?"

"தப்பு பண்ணினவங்கதான் வைக்கணுமா?"

"எனக்குத் தெரிஞ்ச வக்கீலெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவனுங்க. உனக்கு எதுக்கு நஷ்டஈடு, இவனுக்கு எதுக்குப் பென்ஷன்னு சொல்ல வந்தவனுங்க. அத்தனை பேரையும் நான் தனியாளா சமாளிச்சவ. இப்போ என் பேருக்கு முன்னால 'உயிரோட'ன்னு ஒரு வார்த்தை போட இன்னொருத்தி வந்து எனக்காகப் பேசணுமா? போடீ."

"சும்மா போய்ப் பேசிட்டு வரலாம். முதல் தடவைக்குக் காசு இல்லையாம்."

"காசு இல்லாம கூப்பிடறவங்களைத்தான் ஜாக்கிரதையாப் பார்க்கணும்."

அந்த அளவுக்குப் பேசிய பிறகும் அவள் வந்தாள். என்னிடம் தோற்றதால் அல்ல. ஸாபோ கிழவர் அன்று காலை மறுபடி தொலைபேசி செய்திருந்தார்.

ரீமாவின் அலுவலகம் மன்ரோ தெருவில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடி. லெபனானிலிருந்து வந்த குடும்பம்; எங்கள் ஊரில் அவர்கள் நிறையப் பேர். நாற்பதைத் தொட்டிருக்க மாட்டாள். மேஜையில் அவள் அம்மா செய்த பேரீச்சம்பழ பிஸ்கட் தட்டு ஒன்று இருந்தது. முதலில் அதைத்தான் எங்கள் பக்கம் தள்ளினாள். அர்லீத்தா தொடவில்லை.

"உன் ஃபீஸ் எவ்வளவுன்னு முதல்ல சொல்லிடு கண்ணு."

"உங்ககிட்ட வாங்கறதில்ல மிஸ் அர்லீத்தா. நீங்க ஜெயிச்சா என் ஃபீஸை அவங்க குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. தோத்தா அது என் பாடு." வயதில் மூத்த பெண்களை மரியாதையாக 'மிஸ்' என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

"சும்மா வேலை பார்க்கிற ஆளை எனக்கு நம்பத் தெரியாது."

ரீமா சிரித்தாள். "சும்மா இல்ல. எனக்கும் வாடகை குடுக்கணும். ஜெயிக்கும்னு தோணாத கேஸைத் தொடவே மாட்டேன். அதனாலதான் இப்போ உங்க கேஸை எடுக்கப் போறதில்ல."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அர்லீத்தா மட்டும் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"ஏன்?"

"நீங்க எழுதினது, பேசினது எல்லாமே பேங்குகிட்ட. அறிக்கை போடற கம்பெனிக்கு நீங்க ஒரு வரிகூட எழுதல. இது தப்புன்னு நேரா அந்தக் கம்பெனிக்கு எழுதணும். எழுதினா அவங்க ஒரு மாசத்துக்குள்ள விசாரிச்சே ஆகணும். சரி பண்ணிட்டாங்கன்னா உங்களுக்கு வக்கீலே வேண்டாம், அந்த மீன் கடைக்கு என்னையும் கூப்பிடுங்க. சரியா விசாரிக்காம கைகழுவிட்டாங்கன்னா, அப்போ வாங்க."

"நானே எழுதினாப் போதுமா? நீ எழுத வேண்டாமா?"

"உங்க வார்த்தையிலயே எழுதுங்க. லைசென்ஸ் நகல் வைங்க, வீட்டுக்காரரோட இறப்புச் சான்றிதழ் வைங்க. பதிவுத் தபால்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வைச்சுக்கங்க. ரெண்டு வருஷம் தாண்டிட்டா வழக்குப் போட முடியாம போயிடலாம், அதனால அசட்டையா மட்டும் இருந்துடாதீங்க."

அர்லீத்தா எழுந்தாள். போகிற போக்கில் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது, "வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்புற வக்கீலை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்," என்றாள்.

அவள் எழுதினாள். ஒரே ஒரு பக்கம். நான் படித்துப் பார்த்தேன். கெஞ்சலும் இல்லை, திட்டும் இல்லை. காத்திருந்தோம். ஒரு மாதம் முடியும் தறுவாயில் உறை வந்தது. விலாசத்தில், 'காலஞ்சென்ற அர்லீத்தா கெயின்ஸின் வாரிசுகளுக்கு' என்று இருந்தது. வங்கியிடம் கேட்டுவிட்டோம், விவரம் சரியானதே என்று வங்கி உறுதி செய்துவிட்டது, இத்துடன் எங்கள் விசாரணை முடிந்தது. அவ்வளவுதான் உள்ளே.

அந்த வாரமே ஸாபோ கிழவர் கடையைத் தொலைபேசி விற்கும் ஓர் ஆளுக்கு விற்றுவிட்டார். அவர் மேல் தவறு சொல்ல முடியாது. நேரில் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அர்லீத்தா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் நான் போனபோது சமையலறையில் உட்கார்ந்து காரில் போகும் வழியை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். வங்கியின் தலைமை அலுவலகம் இரண்டு மாநிலம் தாண்டி இருந்தது.

"நேர்ல போறேன்," என்றாள். "போய் முன்னால நிக்கிறேன். தொட்டுப் பார்க்கட்டும்."

"யார் முன்னால நிப்ப? வாசல்ல இருக்கிற காவலாளி முன்னாலயா?"

"நீ கிண்டல் பண்ணாத டாட்டி."

"ரீமாவுக்கு ஒரு ஃபோன் போடு. இப்படி ஆனா வரச்சொல்லித்தானே சொன்னா?"

"கடையே போயிடுச்சு. இனிமே வக்கீல் எதுக்கு? பேசாம விடு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் சிநேகிதத்தில் அவளிடம் நான் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

"அந்த நடைபாதையில என்னை மறிச்சு நின்னியே, ஞாபகம் இருக்கா? எனக்கும் பேசத் தெரியும், எனக்கும் வாய் இருக்கு, எந்திரம் எப்படிக் கெட்டுச்சுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் தனியாப் போகாதன்னு சொன்ன. ஊர் முழுக்க எல்லாருக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வேலையைக் காப்பாத்திக் குடுத்த. உனக்கு மட்டும் அது கிடையாதா? நீ மட்டும் ரெண்டு மாநிலம் தாண்டித் தனியாப் போய் அந்த ரூம்ல உக்காருவியா?"

அவள் வரைபடத்தை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அவங்க முன்னால அழுதுட்டேன்னா என்ன பண்றது?"

"என்ன?"

"இத்தனை வருஷத்துல அந்த மேஜையில நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல. ஏன்னா அதெல்லாம் மத்தவங்க விஷயம். இது கிளெமென்ட் விஷயம் டாட்டி. வழக்குன்னு போனா அவங்க என்னைக் கேள்வி கேப்பாங்க. அவர் பேரை எடுத்தா என் குரல் நிக்காது. எனக்குத் தெரியும். அந்த ஆளுங்க அதைப் பார்க்கிறதுல எனக்கு இஷ்டமில்ல."

இதுதான் விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காரணம் காசும் அல்ல, வக்கீல்கள் மேல் வெறுப்பும் அல்ல. நான் எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அழுதா அழு. பக்கத்துல ஒருத்தி இருப்பால்ல. கைக்குட்டை குடுக்கவாவது ஆகும்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரீமாவின் எண்ணைத் தேடினாள்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டாள். போடும் முன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தாள். தொழிற்சங்கத்தில் இருந்தவளுக்கு அந்தப் பழக்கம் போகாது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை யார் தருவது, பாதியில் அவளுக்குப் பிடிக்காவிட்டால் விலக முடியுமா, சமரசம் பேசினால் கடைசிச் சொல் யாருடையது என்று கேட்டாள். ரீமா ஒவ்வொன்றுக்கும் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னாள். கடைசிச் சொல் அர்லீத்தாவுடையது என்பதை மட்டும் எழுத்தில் இன்னும் தெளிவாகப் போடச்சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வங்கி மேலும் அந்த அறிக்கை நிறுவனத்தின் மேலும் வழக்குப் பதிவான சில நாட்களிலேயே அறிக்கையில் அவள் உயிர்பெற்றுவிட்டாள். மாதக் கணக்கில் முடியாதது அத்தனை சுருக்காக முடிந்தது. ஆல்டன் தொலைபேசியில், "அதான் சரியாயிடுச்சே மா, விட்டுடலாமே," என்றான். "என்னைப் பொதைச்சது அவங்க. தோண்டி எடுத்துட்டோம்னு சொன்னதும் நன்றி சொல்லிட்டு வந்துடணுமா?" என்றாள் அர்லீத்தா.

இலையுதிர் காலத்தில், ஆற்றைப் பார்த்த ஓர் உயர்ந்த கட்டடத்தில் அவளை விசாரிக்கக் கூப்பிட்டார்கள். நீதிமன்றம் அல்ல, வெறும் அறை, நீண்ட மேஜை, சொல்வதையெல்லாம் தட்டெழுதும் ஓர் அம்மாள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு அர்லீத்தாவே தட்டெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

வங்கியின் வக்கீல் மரியாதையான மனிதர். அவர் கேட்டதெல்லாம் அவர் வேலை. மருத்துவரைப் பார்த்தீர்களா? இல்லை. மாத்திரை ஏதாவது? இல்லை. வேலையில் சம்பளம் போயிற்றா? இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தக் கடைக்கட்டடம் உங்களுக்கே கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? உறுதியாகச் சொல்ல முடியாது. இப்படியே இரண்டு பக்கம் போகிறது. அதன்பின் அவர் கேட்கிறார்:

"அப்படின்னா, திருமதி கெயின்ஸ், உங்களுக்கு நேர்ந்த பாதிப்பு என்னன்னு நீங்களே சொல்லுங்களேன்."

அவள் சொன்னது பிரதியில் இப்படி இருக்கிறது:

"என் வீட்டுக்காரர் செத்தப்போ அதை எல்லாருக்கும் ஒரு தடவை சொன்னேன். மகனுக்கு, அவர் தங்கச்சிக்கு, சர்ச்சுக்கு, அவர் வேலை பார்த்த இடத்துக்கு. ஒரு தடவை சொன்னாப் போதும், அதுக்கப்புறம் சொல்ல வேண்டியதில்ல. ஜனங்களுக்குத் தெரிஞ்சிடும். உங்க பேங்கு என்னை அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைச்சுது. ஒவ்வொரு தடவை ஃபோன் பண்ணும்போதும் புதுசா ஒரு குரல். ஒவ்வொரு குரல்கிட்டயும், செத்தது நான் இல்ல, அவர்னு சொல்லணும். நான் பிழைக்கணும்னா அவரை மறுபடி சாகடிக்கணும். ஃபோனை வைச்சுட்டு அவர் நாற்காலியைப் பார்ப்பேன். சார், நீங்க அதை ஒரு தடவை பண்ணிப் பாருங்க."

அதன் கீழே, அடைப்புக்குறிக்குள், 'சாட்சி அழுகிறார்' என்று அந்த அம்மாள் தட்டெழுதியிருக்கிறாள். அதற்கும் கீழே: 'சாட்சி தொடரலாம் என்கிறார்.' அவள் தொடர்ந்தாள். இன்னும் பல பக்கம் இருக்கிறது. ஒரு பதிலிலும் தடுமாற்றம் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, தலை நிமிர்ந்திருந்தது. பின்னால் வந்த ரீமாவின் கண்ணும் சிவந்திருந்தது. "என் கைக்குட்டையை இவ வாங்கிட்டா," என்றாள் அர்லீத்தா. "நீ சொன்னதுக்கு நேர்மாறா நடந்துச்சு டாட்டி."

குளிர்காலம் முடிவதற்குள் இரண்டு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. தொகை எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள், என்னிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது வேறொன்று. தொகையை ஒப்புக்கொண்ட பிறகு அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். நடந்த தவறு வங்கியுடையது, அர்லீத்தா கெயின்ஸ் உயிரோடு இருக்கிறார், அவரிடம் வருத்தம் தெரிவிக்கிறோம் என்று ஒரு மனிதர் தன் கையால் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

"அப்படி யாரும் குடுக்க மாட்டாங்க மிஸ் அர்லீத்தா," என்றாள் ரீமா. "தப்பை ஒத்துக்கறதில்லன்னுதான் ஒப்பந்தத்துலயே போடுவாங்க. நான் இதுவரைக்கும் வாங்கினதே இல்ல."

"கேட்டிருக்கியா?"

ரீமா கொஞ்சம் யோசித்தாள். "கேட்டதில்ல," என்றாள்.

"கேளு கண்ணு. கடைசிச் சொல் என்னுதுன்னு எழுதியிருக்குல்ல?"

அறிக்கை நிறுவனம் மறுத்துவிட்டது. வங்கி பல நாள் இழுத்தது. கடைசியில் ஒரு துணைத்தலைவர் கையெழுத்தோடு மூன்று வரி வந்தது. தவறு என்ற சொல் இல்லை. 'எங்கள் பதிவில் ஏற்பட்ட பிழை' என்று இருந்தது. 'உயிரோடு இருக்கிறார்' என்பது இருந்தது. வருந்துகிறோம் என்பதும் இருந்தது. அவள் படித்தாள், என்னிடம் தந்தாள். நான் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னேன்.

"பேங்குக்காரன் எழுத்தை எவடீ சுவத்துல மாட்டுவா?" என்று சொல்லிவிட்டு இழுப்பறையில் ரப்பர் வளையங்களோடு போட்டாள்.

கடைக்கு இடம் கடைசியில் எங்கள் லக்ராஞ்சு தெருவிலேயே கிடைத்தது, பூக்கடையாக இருந்த சின்ன இடம். ஸாபோவின் சன்னல் வெளிச்சம் அங்கே இல்லை. அதை அவள் அவ்வப்போது சொல்லிக்காட்டுவாள். கண்ணாடித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அவள் பெயரைப் பார்த்ததும் கடன் கொடுத்தது. டோர் தெருவிலிருந்து பேருந்து ஏறி அவளுடைய சர்ச் ஜனங்கள் வருகிறார்கள். எங்கள் தேவாலயத்துக் கிழவிகள் முதலில் வாசலில் நின்று மூக்கைச் சுளித்துவிட்டு, இப்போது வெள்ளிக்கிழமை இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள். சோளமாவுதான் போடுகிறாள். நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பதால் ரொட்டித்தூளும் ஒரு ஓரத்தில் உண்டு.

போன மாதம் மருத்துவமனைச் சீருடையோடு ஒரு பெண் வந்தாள். மீன் வாங்க வரவில்லை என்று முகமே சொன்னது. யாரோ அனுப்பியிருக்கிறார்கள். முன்னாள் கணவனின் கடனெல்லாம் தன் அறிக்கையில் இருக்கிறது, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நின்றபடியே சொல்லிக்கொண்டு போனாள். அர்லீத்தா மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள்.

"உக்காரு முதல்ல. யாருக்கு எழுதின, பேங்குக்கா, அறிக்கை போடற கம்பெனிக்கா?"

"பேங்குக்கு மட்டும்."

"கம்பெனிக்கு எழுது. பதிவுத் தபால்ல. எழுதினதுக்கு அப்புறமும் இழுத்தடிச்சாங்கன்னா மன்ரோ தெருவுல ஒரு பொண்ணு இருக்கா, எண் தர்றேன்."

"வக்கீல்னா... எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல. நானே பார்த்துக்கலாம்னு..."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்று சொல்லி அர்லீத்தா அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டாட்டி, இவளுக்கு ஒரு தட்டு போடு. எலுமிச்சை நிறைய வை. இப்போ நீ சொல்லும்மா, ஆரம்பத்துலருந்து சொல்லு, அவசரமே இல்ல."